எழுபத்தைந்து நிமிஷக் கொடி

"அங்கிள் அப்படிப் பண்ற ஆளே இல்ல விக்கி, நீயே சொல்லு."

"நான் இன்னா சொல்றது."

"இன்னா சொல்றதுன்னா? போன வருஷம் ஒரு கார்க்காரன் ஆரன் அடிச்சுக்கினே நின்னான், அங்கிள் இம்மி நகுந்தாரா? சண்ட போட்டு ரிவர்ஸ்ல அனுப்புனாரு. அந்த மனுஷன் ரோட்ட மறிச்சு வெச்ச கோனை எடுத்து ஓரமா வெச்சாராம், நாம முப்பத்தேழு பேரும் அதுல பூந்து வந்துட்டோமாம். நல்லா இருக்கே கத."

ஷோபா பேசப் பேச அவள் விரல்கள் நிற்கவில்லை. ஊறவைத்த அவரைக்கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து ஓர் அழுத்து. பருப்பு வழுக்கிக்கொண்டு பாத்திரத்துக்குள் விழும், தோல் உள்ளங்கையில் தங்கிவிடும். டிசம்பர் வந்துவிட்டால் அடுகோடியில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் இந்த வாசனைதான். ஆனேக்கல் பக்கத்திலிருந்து மூட்டை மூட்டையாக அவரைக்காய் வந்து தள்ளுவண்டிகளில் குவிந்துகிடக்கும். பிதுக்கிய பருப்பில் குழம்பு வைத்து, ராகிக் களி உருண்டையான முத்தையை அதில் முக்கி விழுங்கினால் குளிர் இருக்கிற இடம் தெரியாது. அவள் புருஷன் விக்கிக்கு அதென்றால் உயிர். இன்றைக்கு அவன் பிதுக்கிய கொட்டைகளில் பாதி நசுங்கிப் போயிருந்தன.

"பாத்து பிதுக்குய்யா. பருப்ப கூழாக்கிட்டு இருக்க."

அவன் தலையை நிமிர்த்தவில்லை. பக்கத்தில் கிடந்த ஃபோனில் பார்கவி அனுப்பியிருந்த மெசேஜ் இன்னும் திறந்தே இருந்தது.

பார்கவி ஐ.டி. கம்பெனிக்காரி, வைட்ஃபீல்டில் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன் அடுகோடி கார்ப்பரேஷன் மைதானத்தில் தனியாக ஓடிக்கொண்டிருந்தவள், லேத் பட்டறை ஆட்கள், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், டெலிவரி பையன்கள் என்று ஒவ்வொருவராகச் சேர்த்து ஒரு குழுவையே உண்டாக்கிவிட்டாள். இந்த வருஷம் ஊர் மாரத்தான்காரர்கள் அந்தக் குழுவுக்கு ஒரு பேஸர் கொடியைக் கொடுத்தார்கள். பேஸர் என்றால், சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லாமல் ஓடி முடிக்கிறவன். முதுகில் குச்சி கட்டி, அதில் நிமிஷம் எழுதின கொடி பறக்கும். அந்த நேரத்துக்குள் முடிக்க ஆசைப்படுகிறவர்கள் எல்லாம் கொடிக்குப் பின்னால் கும்பலாக ஓடுவார்கள். அந்தக் கும்பலுக்குப் பேர் பஸ். பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் எழுபத்தைந்து நிமிஷ பஸ்ஸுக்கு டிரைவர் விக்கி. கொடியின் கீழ் ஓரத்தில் சின்னதாக 'அடுகோடி' என்று அச்சடித்திருந்தார்கள். கொடி கைக்கு வந்த அன்று சந்தே அதைத் தொட்டுப் பார்த்தது.

மெசேஜில் இருந்தது இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அந்த பஸ்ஸில் ஓடின முப்பத்தேழு பேருடைய ரிசல்ட்டும் ரத்து. மேம்பாலத்தடியில் திரும்புகிற இடத்தில் ரோட்டின் குறுக்கே விரித்திருந்த, மிதித்ததும் பீப் அடித்து நேரம் பதிகிற டைமிங் மேட்டில் அவர்கள் கால் படவே இல்லை. அதற்கு முன்னால் நடுத்தடுப்பிலிருந்த கேப்பிலேயே திரும்பிவிட்டார்கள். அங்கே காவலுக்கு நின்ற மார்ஷல், கோனை நகர்த்தியதாக அவரே ஒத்துக்கொண்டார். அடுத்த வருஷத்திலிருந்து அந்த இடத்துக்கு வேறு ஆள்.

மார்ஷல் என்றால் சில்வெஸ்டர் அங்கிள். இதே காம்பவுண்டில் மாடி வீடு. லேத் பட்டறையில் ஃபோர்மேன். ஒன்பது வருஷமாக மாரத்தான் அன்று அதே ஜங்ஷனில் மஞ்சள் ஜாக்கெட் போட்டு, விசிலோடு நிற்கிறவர். அந்த ஒரு நாளைக்காக முந்தின நாளே முடி வெட்டிக்கொள்கிறவர்.

"மாரத்தான் ஆபீஸ்லருந்து மஞ்சுநாத் சார் உனக்கு ஃபோன் பண்ணாரு இல்ல? இன்னா கேட்டாரு?"

"கோன் இருந்துச்சா இல்லியான்னு."

"நீ?"

"இல்லன்னேன். அங்க கோன் இல்லதான."

அது உண்மைதான். உண்மையைச் சொல்லிவிட்டு ஒரு மனிதன் இப்படிக் கொட்டையை நசுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியும் என்று அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ருக்கு அக்கா உள்ளே வரும்போதே கத்திக்கொண்டு வந்தாள். கோரமங்கலாவில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையல். அறுபது பெண்களுக்குத் தோசை ஊற்றுகிற கை. நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாக ஷூ வாங்கி, ஆறு மாசம் விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றினவள்.

"எங்கடி அந்த மாடி வீட்டு ஆளு? கதவு சாத்திக்கினு கெடக்குது."

"இன்னாக்கா ஆச்சு?"

"இன்னா ஆச்சா? மெடல தோசக்கல்லுக்கு மேல ஆணி அடிச்சு மாட்டி வெச்சிருந்தேன்டி. ஹாஸ்டல் பொண்ணுங்க ஒவ்வொருத்தியா கட்டிப் புடிச்சு போட்டோ எடுத்துக்கிச்சு. இன்னிக்கு ஒருத்தி ஃபோன்ல என் பேரத் தட்டிப் பாக்குறா, பேருக்கு நேரா செவப்பா போட்டிருக்கு. 'ஆன்ட்டி, நீங்க நடுவுல ஆட்டோ புடிச்சிட்டீங்களா'ன்னு கேக்குறா. வெளையாட்டுக்குத்தான் கேட்டா. எல்லாம் சிரிச்சுதுங்க. நானும் சிரிச்சேன். சட்னில உப்பு ரெண்டு வாட்டி போட்டேன்."

"வுடுக்கா."

"எப்புடி வுடறது? அந்தக் கெழவனுக்கு கோன் மேல இன்னா வேல? நம்ம தம்பி பாவம். எம்மாம் அழகா நம்மள அலுங்காம குலுங்காம கூட்டினு வந்தான். கடைசில நமக்கு மூச்சு வாங்குதுன்னு தெரிஞ்சு, நடங்கக்கா, தண்ணி குடிங்கக்கா, அவசரமே இல்லன்னு... எந்த டிரைவர் அப்படி ஓட்டுவான்? சொல்லு." ருக்கு அக்கா விக்கியின் தலையைத் தடவினாள். பருப்பு வாசனையடிக்கும் கை. "நீ மனசு வுடாத தம்பி. உன்மேல ஒரு தப்பும் இல்ல."

விக்கி எழுந்து கொல்லைப்புறக் குழாயடிக்குப் போய் வெகுநேரம் கை கழுவினான்.

பெட்ரோல் பங்குக்கு எதிரே ரோட்டு நடுத்தடுப்பில் ஒரு கேப் இருக்கிறது. நேரே மேம்பாலம்வரை போய்த் திரும்பி வந்தால் ஒன்றே கால் கிலோமீட்டர் சுற்று. கேப்பில் நுழைந்தால் மூன்று செகண்ட். டெலிவரிக்கு வந்த ஏழு வருஷமாக, நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை அந்த கேப்பில் திரும்பியிருக்கிறான் விக்கி. முன்னே போய்த் திரும்பு, முன்னே போய்த் திரும்பு என்று ஃபோனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கெஞ்சிக்கொண்டே இருக்கும். அவள் பேச்சை அவன் ஒருநாளும் கேட்டதில்லை. அவன் மட்டுமா? டெலிவரிக்காரர்கள் எல்லோருமே அந்த கேப்பின் பிள்ளைகள்தான். அங்கே வந்ததும் மூளையைக் கேட்காமலே தோள் வலப்பக்கம் சாய்ந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பனி. ஏழு மணி இருக்கும். பெட்ரோல் பங்கு விளக்குகூட மஞ்சள் கறையாகத்தான் தெரிந்தது. பஸ் அருமையாக வந்துகொண்டிருந்தது. நாலரை கிலோமீட்டருக்குப் பக்கம், முப்பத்து மூணு நிமிஷம். ஷோபா அவன் முதுகுக்கு நேர் பின்னால். அவள் மூச்சை அவனால் எண்ண முடிந்தது. எல்லோருக்கும் ஆறு மாசமாக அவன் ஓதின மந்திரம் ஒன்றுதான்: "ரோட்டப் பாக்காதீங்க, கொடியப் பாருங்க. மீதிய நான் பாத்துக்கறேன்." அவர்களும் கொடியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

கேப் வந்தது. தோள் சாய்ந்தது. கால் போனது. அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கத்து ரோட்டில், முன்னே போய்த் திரும்பி வந்துகொண்டிருந்த கும்பலோடு பஸ் கலந்துவிட்டது. பத்தடி போவதற்குள் அவனுக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம் பின்னால் விசில் கேட்டது. இரண்டு நீளம், ஒரு குட்டை. சில்வெஸ்டர் அங்கிளின் விசில். மைதானத்தில் எத்தனை தடவை கேட்ட சத்தம்! சர்ச்சில் பூசைக்குப் போகிற பொம்பளைகளை ரோடு தாண்ட விடுவதற்காக அவர் கோனை ஓரம் வைத்துவிட்டு, ஒரு வீல்சேரைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். திரும்பிப் பார்த்தால் பஸ்ஸின் வால் கேப்பில் வளைந்துகொண்டிருக்கிறது. ஊதியிருக்கிறார்.

நின்றிருக்கலாம். கையைத் தூக்கி, 'தப்பு பண்ணிட்டேன், எல்லாரும் பின்னால திரும்புங்க' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொல்லியிருந்தால் ஒரு நிமிஷம் லேட். ஆனால் முதுகில் கொடி இருந்தது. அதில் அடுகோடி என்று எழுதியிருந்தது. பேர் தெரியாத ஆட்கள்கூட, "எழுபத்தஞ்சு பஸ்ஸா? நாங்களும் ஏறிக்கறோம்" என்று வந்து ஒட்டியிருந்தார்கள். அத்தனை பேரையும் நடு ரோட்டில் நிறுத்தி, எனக்கு வழி தெரியவில்லை என்று, இந்த ஊரின் ஒவ்வொரு சந்தையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற டெலிவரிக்காரன் சொல்லவேண்டும். வாய் வரவில்லை.

அதற்கப்புறம் அவன் செய்ததுதான் இன்னும் மோசம். இதே வேகத்தில் போனால் அறுபத்தாறு நிமிஷத்தில் முடிந்துவிடும். எழுபத்தைந்து கொடி அறுபத்தாறில் வந்தால் எல்லோரும் கேட்பார்கள். அதனால் மெதுவாக ஓட்டினான். தண்ணீர் மேஜை வந்த இடத்திலெல்லாம் நிறுத்தினான். "நடங்க, நடங்க, அவசரமில்ல" என்றான். செல்ஃபி எடுத்துக்கொள்ளச் சொன்னான். கவியரசன் என்று திருப்பத்தூர்ப் பையன் ஒருவன், அடுகோடியில் தங்கி ஐ.டி. வேலைக்குப் போகிறவன், முடிவுக்கோட்டில் வாட்சைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ப்ரோ, எட்டு புள்ளி எட்டுதான் காட்டுது?" என்றான். "மரத்தடியில சிக்னல் கட்டாயிடும் ப்ரோ" என்றான் விக்கி. வாய் கூசவில்லை. எழுபத்து நாலு நிமிஷம் ஐம்பது செகண்ட். ருக்கு அக்கா அவனைத் தூக்கிச் சுற்றினாள்.

புதன்கிழமை காலை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியை எடுக்கும்போது மாடிப்படியிலிருந்து குரல் வந்தது.

"விக்கி. ஒரு நிமிஷம் மேன்."

சில்வெஸ்டர் அங்கிள் இரண்டு நாளாகச் சவரம் செய்யாமல் இருந்தார். அவரை அப்படி விக்கி பார்த்ததே கிடையாது. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர்.

"நீ பார்கவி வீட்டுப் பக்கம் டெலிவரிக்குப் போவ இல்ல? இத அவங்க கையில குடுத்துடு. தொவச்சு இஸ்திரி போட்டுட்டேன். விசிலும் உள்ள இருக்குது."

மஞ்சள் ஜாக்கெட். மடிப்பு கலையாமல்.

"நீங்களே குடுங்களேன் அங்கிள்."

"எனக்கு முடியாதுப்பா. அந்தப் பொண்ணு மூஞ்ச பாக்க முடியாது." படியில் உட்கார்ந்தார். "ஒம்பது வருஷம். ஒரு நாய ஓட விட்டது இல்ல அந்த கேப்புல. அந்த வீல்சேர் லேடி ஒன்னும் அவசரப்படல. ஒரு நிமிஷம் நில்லுங்கன்னு சொல்லியிருந்தா நின்னிருப்பாங்க. நான்தான் பெரிய மனுஷனாட்டம் கோனைத் தூக்கினேன்."

"அங்கிள்..."

"ஊதினேன் தெரியுமா? நல்லாத்தான் ஊதினேன்னு நெனப்பு. காத்து அந்தப் பக்கம் அடிச்சுதோ இன்னாவோ. உனக்குக் கேக்கல போல."

விக்கி வாயைத் திறந்தான். ஹெல்மெட்டுக்குள் ஃபோன் கத்தியது. ஆர்டர். இரண்டு பிரியாணி, கால் மணி நேரம்.

"ஜல்தி போ, ஜல்தி போ. சோறு ஆறிடும்."

அவன் ஜாக்கெட்டை வாங்கி டெலிவரிப் பைக்குள் வைத்தான். போனான்.

புதன் முழுக்க அது பைக்குள்ளேயே இருந்தது. வியாழக்கிழமையும் இருந்தது. பார்கவி வீட்டுத் தெருவை இரண்டு தடவை தாண்டினான். பிரியாணி ஏறியது, இறங்கியது. பீட்சா ஏறியது, இறங்கியது. யாருக்கோ பிறந்தநாள் கேக். கீழே மஞ்சள் ஜாக்கெட் மட்டும் இறங்காமல் எல்லாச் சூட்டையும் வாங்கிக்கொண்டு கிடந்தது. பெட்ரோல் பங்கு கேப்பில் அவன் திரும்பவில்லை. மேம்பாலம்வரை போய்த்தான் திரும்பினான். ஃபோனுக்குள் இருந்த பொம்பளைக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

வியாழன் சாயங்காலம் பையைத் துடைக்க எடுத்த ஷோபாதான் அதைக் கண்டுபிடித்தாள்.

"இது இன்னாது?"

"அங்கிள் ஜாக்கெட். பார்கவி மேடத்துக்கு."

"எப்ப குடுத்தாரு?"

"நேத்து."

"நேத்தா? நேத்து அந்தப் பக்கம் போவலியா நீ?"

"போனேன்."

அவள் ஜாக்கெட்டை முகர்ந்து பார்த்தாள். "கொழம்பு நாத்தம். மனுஷன் இஸ்திரி போட்டுக் குடுத்திருக்காரு." பேசிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். ஷோபா நாலு வீட்டில் சமைக்கிறவள். எந்த வீட்டில் யார் எதை மறைக்கிறார்கள் என்று சமையல்கட்டிலிருந்தே கண்டுபிடிக்கிறவள்.

"விக்கி. ஒண்ணு கேக்கறேன். நீ டெய்லி திரியிற ரோடு அது. கோன் இல்லன்னா வழி இல்லன்னு ஆயிடுமா? உனக்குத் தெரியாதா எங்க திரும்பணும்னு?"

அவன் ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே அவிழ்ந்திருந்த நாடா.

"கடைசில நடக்கச் சொன்னியே. நாப்பது வாட்டி சொன்னியே அவசரமில்லன்னு. ப்ராக்டீஸ்ல ஒருநா ஒரு நிமிஷம் நிக்க வுட்டியா எங்கள? எனக்கு கால் வலிக்குதுன்னாலும் ஓடு ஓடுன்னுதான சொன்ன?" அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "எங்களுக்காக மெதுவா ஓட்டலையா நீ?"

அவன் நாடாவை மறுபடி கட்டத் தொடங்கினான்.

"ஐயோ," என்றாள் ஷோபா. கத்தவில்லை. குக்கரிலிருந்து ஆவி போகிற மாதிரி ஒரு ஐயோ. "தெரிஞ்சே ஓட்டியிருக்க."

"தெரிஞ்சு திரும்பல ஷோபா. சத்தியமா. கால் தானா..."

"கால் திரும்புச்சு, சரி. வாய் இன்னா ஆச்சு?"

அவன் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

"நான் பெருமையா சொன்னேன்யா. வேல செய்யற வீட்டுல. என் வூட்டுக்காரர் எனக்காக மெதுவா ஓடுனாருன்னு. அந்த அம்மா, 'ஸோ ஸ்வீட் ஷோபா'ன்னாங்க." அவள் ஜாக்கெட்டை உதறினாள். விசில் தரையில் விழுந்து உருண்டது. "நான் இத அங்கிளுக்குப் போய்ச் சொல்ல மாட்டேன். ருக்கு அக்காவுக்கும் சொல்ல மாட்டேன். எனக்கு வெக்கமா இருக்குது. நீ சொல்லு. நீ சொல்றவரைக்கும் நான் உன் கூட உக்காந்து சோறு தின்ன மாட்டேன்."

அவள் ஜாக்கெட்டை எடுத்துப் போய் மறுபடி துவைத்தாள். பக்கத்து வீட்டில் கேட்கும்படி அடித்துத் துவைத்தாள். அன்றைக்கும் பிதுக்குப் பருப்புக் குழம்புதான். அவன் தட்டில் ஆடை கட்டிப்போய்க் கிடந்தது.

வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்தே முக்கால். மைதானத்தில் வழக்கமான கும்பல். ஸ்வெட்டரும் குல்லாவும். மூச்செல்லாம் புகை. ரிசல்ட் போன சோகத்தில் ஓடாமல் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பார்கவி ஆர்கனைசர்களிடம் பேசிப் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சில்வெஸ்டர் அங்கிள் வரவில்லை. வருவாரா?

விக்கி மாடி ஏறிக் கதவைத் தட்டியிருந்தான். "மைதானத்துக்கு வாங்க அங்கிள். ஒரு விஷயம்" என்றான். "அங்க வந்து இன்னா மேன் பண்றது, எல்லாரும் பாப்பாங்க" என்றார். "பாக்கணும் அங்கிள். அதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டான். கடைசியில் அவர் வந்து, கேட்டுக்குப் பக்கத்தில் கிடந்த கல் ரோலரின் மறைவில் நின்றார்.

அவரைப் பார்த்ததும் ருக்கு அக்கா ஆரம்பித்துவிட்டாள். "வாங்க சார், வாங்க. கோனெல்லாம் சௌக்கியமா?"

"அக்கா, இருங்க," என்றான் விக்கி.

"நான் இன்னாத்துக்கு இருக்கணும்? ஆறு மாசம்..."

"அங்கிள் மேல தப்பு இல்ல. நான் பண்ணேன்."

"உன்னிய யாரு சொன்னது தம்பி, கோன் இல்லன்னா நீ..."

"கோன் இருந்தாலும் திரும்பியிருப்பேன்கா. டெய்லி வண்டில அங்கதான் திரும்புறேன். பழக்கதோஷத்துல திரும்பிட்டேன்." கடகடவென்று சொல்லிவிட்டு மூச்சு விட்டான்.

"ஓ," என்றாள் பார்கவி. "அப்படின்னா... ஓகே விக்கி. மிஸ்டேக். யாருக்கும் ஆகும். சும்னே டென்ஷன் பேடா, வீணா கவலப்படாத."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எல்லோர் முகத்திலும் ஒரு இளக்கம் வந்துவிட்டிருந்தது. யாரோ "பரவால்ல குரு" என்றுகூடச் சொன்னார்கள். ஷோபா மட்டும் இமைக்காமல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது இல்ல மேடம்," என்றான். "பத்தடிலயே தெரிஞ்சிடுச்சு. சொல்லல. டைம் முன்னாடி போயிடும்னு மெதுவா ஓட்டுனேன். உங்கள நடக்கச் சொன்னது அதுக்குத்தான்கா. கவி ப்ரோ, உங்க வாட்ச் கரெக்ட்தான். நான்தான் பொய் சொன்னேன்."

மைதானத்துக்கு வெளியே பால் வண்டி ஒன்று கிரேட்டுகளைக் குலுக்கிக்கொண்டு போனது. கவியரசன் மணிக்கட்டிலிருந்த வாட்சைச் சட்டைக் கைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டான், என்னவோ அவன் தப்பு செய்த மாதிரி.

சில்வெஸ்டர் அங்கிள் ரோலர் மறைவிலிருந்து வெளியே வந்தார். "விசிலு?"

விக்கி தலை குனிந்தான்.

"விசிலு கேட்டுச்சாடா?"

"கேட்டுச்சு அங்கிள்."

"ரெண்டு நீளம் ஒரு குட்ட?"

"ஆமா."

அவர் ரோலர்மேல் உட்கார்ந்துவிட்டார். "நாலு நாளா அதத்தான்டா நெனச்சுக்கினு இருந்தேன். சத்தமா ஊதினேனா, இல்ல ஊதுன மாதிரி நெனச்சுக்கறேனான்னு. வயசாயிடுச்சு, மூச்சு இல்ல போலன்னு. டீக்கடைக்குப் போவல. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு எப்புடிப் போறதுன்னு நெனச்சேன். அந்த வீல்சேர் லேடிய பாக்கணுமே." குரல் உடைந்தது. அப்புறம் இறுகியது. "முந்தாநாள் படில உக்காந்து உன்கிட்டத்தான சொன்னேன்? சோறு ஆறிடும் போன்னேன். போயிட்ட. போயிட்டியேடா."

"அங்கிள், மன்னிச்சு..."

"வாணாம். இப்ப வாணாம்."

ஷோபா முன்னால் வந்து, மடித்த ஜாக்கெட்டை அவர் மடியில் வைத்தாள். அவர் அதை விரித்தார், பார்த்தார், ஸ்வெட்டருக்கு மேலேயே மாட்டிக்கொண்டார். பொத்தானைத் தப்பான துளையில் மாட்டினார். பார்கவி குனிந்து போட்டுவிட்டாள்.

ருக்கு அக்கா இன்னும் விக்கியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அடித்திருந்தால் அவனுக்குத் தேவலாம் போலிருந்திருக்கும். "உன் தலயத் தடவிக் குடுத்தேனே தம்பி," என்றாள். "சும்மா உக்காந்துனு இருந்தியே." திரும்பி நாலடி நடந்தாள். நின்றாள். "ஓடாத ரோடு எவ்ளோ?"

"இன்னாக்கா?"

"நான் ஓடாம வுட்ட ரோடு. எவ்ளோ நீளம்?"

"ஒண்ணே கால் கிலோமீட்டர். போக வர."

"ஞாயித்துக்கிழமை ஓடப்போறேன். ரிசல்ட்டு வருதோ வல்லியோ. ஹாஸ்டல்ல அந்தப் பொண்ணு கேட்டா நான் பதில் சொல்லணும். எவ வராளோ வரட்டும்."

ஞாயிற்றுக்கிழமை இருபத்தொரு பேர் வந்தார்கள். மீதிப் பேர் வரவில்லை. வராததற்கு அவர்களுக்கும் நியாயம் இருந்தது. அன்று ரோட்டை யாரும் அடைத்து வைக்கவில்லை. பஸ்ஸும் லாரியும் ஆரன் அடித்துக்கொண்டு போகும் ஓசூர் ரோட்டில் ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக, அந்த கேப்பைத் தாண்டி மேம்பாலம் பக்கம் ஓடினார்கள். கேப்பின் நடுவில் சில்வெஸ்டர் அங்கிள் மஞ்சள் ஜாக்கெட்டில் நின்றார். சவரம் செய்திருந்தார். குறுக்கே நுழையப் பார்த்த டெலிவரிப் பையன் ஒருவனை ஒரே விசிலில் திருப்பி அனுப்பினார். அவன் "இன்னா பெருசு, தெனமும் போற வழிதான?" என்றான். "அதுதான்டா பிரச்சன," என்றார் அவர்.

விக்கி கடைசியில் ஓடினான். கொடி இல்லாமல். முன்னால் ஓடுகிறவர்களின் குதிகாலை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடினான். மேம்பாலத்தடியில் மேட் எதுவும் இல்லை, பீப் சத்தமும் இல்லை. ஒரு தூணும், தூணில் பான் கறையும்தான். ருக்கு அக்கா அந்தத் தூணைக் கையால் தட்டிவிட்டுத் திரும்பினாள். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அதையே செய்தார்கள். விக்கி தட்டினபோது உள்ளங்கை எரிந்தது.

ஓடி முடித்து எல்லோரும் டீக்கடைக்கு வந்தார்கள். சில்வெஸ்டர் அங்கிள் எட்டு நாளைக்கப்புறம் அங்கே கால் வைக்கிறார். கடைக்காரர் கேட்காமலே சர்க்கரை குறைத்துக் கொடுத்தார். அங்கிள் தம்ளரை வாங்கிக்கொண்டு விக்கி உட்கார்ந்திருந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் இல்லை, அந்தக் கோடியில். ஆனாலும் அதே பெஞ்சு.

பார்கவி தொண்டையைச் செருமினாள். "ஆர்கனைசர்ஸ்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். ரிசல்ட் திரும்ப வராது. அங்கிள் அதே ஜங்ஷன்ல நிக்கலாம்னுட்டாங்க. ஆனா அடுத்த வருஷமும் அடுகோடிக்குக் கொடி குடுக்கறாங்களாம். ஓடப் போறது யாருன்னு நாமதான் சொல்லணும். இந்த மாசத்துக்குள்ள."

எல்லோரும் தம்ளருக்குள் பார்த்தார்கள்.

"அவனே ஓடட்டும்," என்றார் சில்வெஸ்டர் அங்கிள், யாரையும் பார்க்காமல். "இனிமே அந்த கேப்புல அவன் செத்தாலும் திரும்ப மாட்டான்."

"திரும்ப மாட்டான் அங்கிள்," என்றான் கவியரசன். "திரும்பிட்டா சொல்லுவானா? அதுதான் கேள்வி."

"வெள்ளிக்கிழம சொன்னான் இல்ல?" என்றார் அங்கிள்.

"அஞ்சு நாள் கழிச்சு சொன்னான். பொண்டாட்டி சோறு திங்க மாட்டேன்னதும் சொன்னேன்னு அவனே ஒத்துக்கிட்டான்."

நடுவில் பேசக் கூடாது என்று விக்கிக்குத் தெரிந்திருந்தது.

"கை தூக்குங்க," என்றாள் பார்கவி. ஒன்பது கை மேலே போனது. பத்துப் பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ருக்கு அக்கா கை முந்தானைக்குள் இருந்தது. உள்ளே விரல்கள் எதையோ பிசைந்துகொண்டிருந்தது மட்டும் தெரிந்தது. எல்லோரும் ஷோபாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஒரு கையில் டீ தம்ளர், இன்னொரு கையில் வீட்டிலிருந்து எடுத்து வந்த, சுருட்டி வைத்த கொடி.

"எங்கிட்ட ஏது கை," என்றாள்.

சரி, இப்போது உங்களைக் கேட்கிறேன். அன்று பனியில் ரோட்டைப் பார்க்காமல் அந்தக் கொடியை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடின முப்பத்தேழு பேரில் நீங்களும் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷோபா சுருட்டின கொடியை உங்களிடம் நீட்டுகிறாள். அந்த பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறவன் கையில் அதைத் திருப்பிக் கொடுப்பீர்களா, மாட்டீர்களா? என்ன சொல்றீங்க?